இடம் மாறிய இரண்டு வரிகள்

போன வாரம், மென்பொருள் சோதிக்கும் உங்களில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். நேற்று வரை சரியாக ஓடிய சோதனை ஸ்கிரிப்ட் இன்று தேறாமல் சிவப்பு காட்டினால் முதலில் என்ன செய்வாய் என்று. அவர் தயங்கவே இல்லை. "எதிர்பார்த்த விடையைப் புதுசா மாத்திட்டு மறுபடியும் ஓட்டுவேன் அக்கா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு உண்ணும்போதுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஓய்வு பெற்றவள் எழுதுகிறாளே என்று சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். ஒரே ஒரு சம்பவம்தான்.

எண்பதுகளின் பிற்பாதி. கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு கடை வரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. பிற்பகல் முழுக்க எஞ்சின் முறுக்கும் சத்தம் தரை வழியாக ஏறி வரும். நான் செரண்டாவிலிருந்து பஸ்ஸில் வருவேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். தட்டச்சு படித்து, கணினி வகுப்புக்குப் போய், இந்த வேலையில் வந்து உட்கார்ந்தேன். நிரல் எழுதுவது ரகு. அவன் எழுதியதை ஓட்டிப் பார்ப்பது நான். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு சார். நிறுவனம் அவருடையது.

ரெக்ரஷன் டெஸ்ட் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் 'பழசை ஓட்டுறது' என்போம். நிரலில் எதையாவது மாற்றினால், முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அது நிரலை ஓட்டும். நிரல் எழுதித் தள்ளும் வரிகளை, முன்பு சரி என்று ஒப்புக்கொண்ட வரிகளோடு ஒப்பிடும். ஒரு வரி மாறினாலும் நின்றுவிடும். இன்று உங்களுக்கு இது கண் சிமிட்டும் நேர வேலை. அன்று ஒரு முறை முழுவதும் ஓட்டி முடிப்பதற்குள் பசியாறிவிட்டு வந்துவிடலாம்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, கோல சிலாங்கூர் பக்கம் இருந்த பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. தோட்டத்திலிருந்து வரும் செம்பனைக் குலைகளைக் கூண்டு வண்டிகளில் அடுக்கி, ஸ்டெரிலைசர் என்ற ஒரு நீண்ட இரும்புக் கலத்துக்குள் தள்ளி, கதவை மூடி, நீராவி விட்டு அவிப்பார்கள். அவிந்ததும் நீராவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். அந்தக் கதவு ஒரு ஆளை விட உயரம். உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது தாழ் விலகினால், அதைப் பிடித்திருக்கும் மனிதனைப் பற்றிப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. ஆலையில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். எங்களுக்கும் சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் கலம் இருந்த மேடையின் ஒரு முனையில் ஒருவர் நின்று அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்ப்பார். முள் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, வந்ததும் குரல் கொடுப்பார். மறுமுனையில் இருப்பவர் கதவைத் திறப்பார். எங்கள் நிரல் வந்த பிறகு, மீட்டர் பார்க்கும் ஆளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கணினியே அழுத்தத்தைப் பார்த்து, தாழை விலக்கி, கதவுக்கு மேலே பச்சை விளக்கை எரியவிடும். கதவுக்காரர் விளக்கை நம்பித் திறப்பார்.

முதல் நிரல் நன்றாகவே ஓடியது. ஆனால் குலை அதிகம் வரும் மாதம் வந்ததும், ஆலையிலிருந்து நச்சரிப்பு. கதவு திறக்க நேரம் எடுக்கிறது, குலை வெளியே குவிகிறது, வேகப்படுத்துங்கள் என்று. ரகு உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்தான். கெட்டிக்காரன், இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அவன் சோம்பேறியோ அலட்சியக்காரனோ இல்லை.

அவன் மாற்றிய நிரலை நான் ஓட்டினேன். வரிசையாக எல்லாம் தேறி வந்து, ஒரு இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றது.

பழைய விடையில் 'அழுத்தம் சுழி' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கதவுத் தாழ் விலகியது' என்று ஒரு வரி. புதிய விடையில் 'கதவுத் தாழ் விலகியது' மேலே, 'அழுத்தம் சுழி' கீழே. இரண்டு வரிகளுக்கும் ஒரே நேரம் பதிந்திருந்தது. வேறு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

ரகுவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"ஆர்டர்தான் மாறியிருக்கு லா" என்றான். "ரெண்டும் ஒரே செக்கண்ட்ல நடக்குது. எது முன்ன எழுதினா என்ன? பழைய ஃபைலை மாத்திடு."

"ஏன் மாறிச்சு?"

"நான் கொஞ்சம் இடம் மாத்தி எழுதினேன். அதான்."

"அது தெரியுது ரகு. எதை எங்க மாத்தினேன்னு கேக்குறேன்."

அவனுக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் காலை அவன் டிஸ்கோடு ஆலைக்குப் போக வேண்டும். வேலை நேரம் முடியப்போகிறது. சார் எழுந்து வந்து இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதைப் பாஸ்னு போட மாட்டேன் சார்" என்றேன். "ஏன் மாறிச்சுன்னு தெரியணும்."

சார் நிமிர்ந்தார். ஆலைக்காரர்கள் அவரைத்தான் தினமும் தொலைபேசியில் ஏசினார்கள். "போடாதே. நாளைக்கு நீ இதைத் தோண்டிப் பாரு. ரகு போகட்டும். ஏதாவதுன்னா போன் பண்ணிக்கலாம்" என்றார்.

இந்த மாதிரி சமாதானம் உங்களுக்கும் நடக்கும். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. காகிதத்தில் ஒரு கேள்விக்குறி, ஆனால் வண்டி கிளம்பிவிடுகிறது. மூன்று பேருக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. வண்டியை நிறுத்தாத கேள்விக்குறியால் கதவு பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஒரு பயனும் இல்லை என்பதைப் பிறகு அந்த மேடையில் ஏறி நின்றபோதுதான் சார் சொன்னார்.

மறுநாள் காலை ரகு ஆலைக்குப் போய்விட்டான். நான் அவன் எழுதியதைத் தாளில் அச்செடுத்து வரிவரியாகப் படித்தேன். பழைய நிரல் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும், சுழி என்று தெரிந்த பிறகே தாழை விலக்கும். புதியதில் நீராவி வெளியேறும் வால்வு திறந்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குறித்த நேரம் முடிந்ததும் தாழ் விலகுகிறது. அதற்கு அடுத்த வரியில்தான் அழுத்தம் பார்க்கப்படுகிறது. அந்த நேரத்துக்குள் நீராவி எப்போதும் போய்விடும் என்பது ரகுவின் கணக்கு. பெரும்பாலும் போகவும் போகும்.

எங்கள் சோதனையிலும் எப்போதும் போனது. ஏனென்றால் அலுவலகத்தில் நிஜக் கலம் கிடையாது. கலம் மாதிரி நடிக்கும் ஒரு சின்ன நிரலை வைத்துத்தான் சோதித்தோம். அதை எழுதியதும் ரகுதான். அவன் நினைப்பில் நீராவி எப்படிப் போகுமோ, அந்தப் போலிக் கலத்திலும் அப்படித்தான் போகும். ஒரே ஆளின் நினைப்பு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தது.

நான் ஒரு புதிய ஸ்கிரிப்ட் எழுதினேன். போலிக் கலத்தில் நீராவி மெதுவாகப் போகட்டும், வால்வு பாதி அடைத்துக்கொண்ட மாதிரி. அவ்வளவுதான் மாற்றம். ஓட்டினேன்.

'கதவுத் தாழ் விலகியது' என்று வரி வந்தது. அதற்குக் கீழே 'அழுத்தம் சுழி' வரவே இல்லை. அந்த நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்று தனியாக எழுதச் சொல்லியிருந்தேன். அந்த எண் சுழிக்குக் கிட்டக்கூட இல்லை.

இன்னொரு முறை ஓட்டி உறுதி செய்யலாமா? அதுதான் நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒழுங்கு. ஆனால் அது முடிவதற்குள் ஆலையில் எத்தனை தடவை கதவு திறக்குமோ. ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டேன். அது ஓடும்போதே தொலைபேசியை எடுத்தேன். உறுதியாகும் வரை காத்திருக்கலாமா, அல்லது உறுதி செய்துகொண்டே எச்சரிக்கலாமா என்று வரும்போது, தவறினால் யாருக்கு அடி விழும் என்று பாருங்கள். நான் தவறினால் எனக்கு ஏச்சு. விளக்கு தவறினால் அந்த ஆளுக்கு உயிர்.

இரண்டு முறை லைன் பிசி. மூன்றாவது முறை மணி அடித்தது. ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி எடுத்தார். பின்னால் தட்டச்சுச் சத்தமும், அதற்கும் பின்னால் ஆலையின் இரைச்சலும் கேட்டது.

"ரவாங்லேருந்து கலா பேசுறேன் ஐயா. கணினி ஆபீஸ். எங்க ரகுவைக் கூப்பிட முடியுமா?"

"அவரு மேல மேடையில இருக்காரும்மா. இன்ஜினியரும் அங்கதான். அரை மணி கழிச்சிக் கூப்பிடுங்க."

"ஐயா, இல்ல, அவசரம். இன்னிக்குப் போட்ட ப்ரோகிராம்ல வரிசை மாறியிருக்கு. டைமர் முடிஞ்சதும் பிரஷரைப் பாக்காமலே…"

"அதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. அவருகிட்டயே பேசுங்க. அவரு வந்தா நான் சொல்றேன்."

சார் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொள்ளும்படி சைகை காட்டினார். "கலா, பாத்துப் பேசு. நம்ம ப்ரோகிராம் தப்புன்னு ஒரு கிராணிகிட்ட சொல்லிட்டா இந்த வேலை போயிடும். முதல்ல ரகுகிட்ட பேசுவோம்" என்றார் தணிந்த குரலில். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணில் தெரிந்தது பயம்தான். என் கண்ணிலும் அதுதான் தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் கிராணியிடம் பேசியது காரணத்தை. அவருக்கு வேண்டியது காரணம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

கையை எடுத்தேன்.

"ஐயா, ஸ்டெரிலைசர் கதவு கிட்ட இன்னிக்கு யாரு நிக்கிறா?"

"மணியம். ஏன்?"

"மணியத்தைக் கதவைத் தொட வேணாம்னு சொல்லுங்க. பச்சை விளக்கு எரிஞ்சாலும் தொடக்கூடாது. உள்ள நீராவி இருக்கலாம். இப்பவே போய்ச் சொல்லுங்க ஐயா."

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் போட்ட சத்தம். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. செருப்பு ஓடும் ஓசை. அவர் ரிசீவரை வைக்கவில்லை. லைன் திறந்தே இருந்தது.

சாரும் நானும் அந்த ரிசீவரை நடுவில் வைத்து இரண்டு பேரும் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். ஆலையின் இரைச்சல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் அலுவலகத்துக்குள் வந்து கிராணியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் என் கணினி ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆலைக்குள் பெரிதாக ஏதோ வெடித்தால் இந்த ரிசீவர் வழியாகக் கேட்குமா என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைத் தள்ளிவிட முடியவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கிராணிக்கு மூச்சு வாங்கியது.

"நிறுத்தியாச்சும்மா. மணியம் கையை எடுத்துட்டாரு. இன்ஜினியர் ஒரே ஏச்சு. யாரு சொன்னா, யாரைக் கேட்டு நிறுத்தினேன்னு. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். நேரா வந்து பேசிக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் முடிந்திருந்தது. அதே எண்.

சாரின் பழைய காரில் கிளம்பினோம். ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போகும் சாலை. குலை ஏற்றிய லோரிகள் முன்னால் ஊர்ந்தன, முந்த வழி இல்லை. ஸ்கிரிப்டின் விடையை அச்செடுத்த தாள் என் மடியில் இருந்தது. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"நீ சொன்னது சரியா இருக்கணும் கலா" என்றார் சார்.

எனக்கும் அதே எண்ணம்தான். அந்தப் பயணத்தில் நான் என்னையே நம்பவில்லை. மெதுவாகப் போகும் நீராவி என்பது நானாகப் போட்ட ஒன்று. நிஜக் கலத்தில் அப்படி நடக்குமா? வால்வை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஒரு ஆலையை நிறுத்தியிருக்கிறேன், அதுவும் குலை குவியும் மாதத்தில். நம் வேலையில் இந்தத் தனிமை வரும். வந்தால் அதைப் பார்த்து மிரண்டு, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடாதீர்கள். அந்தத் தாளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எண் மாறவில்லை.

ஆலையில் வெளியே குலை மலை மாதிரி குவிந்து கிடந்தது. மேடையில் இன்ஜினியர் இடுப்பில் கையை வைத்து நின்றார். ஈப்போ பக்கத்துக்காரர், பேச்சில் சுற்றி வளைப்பே இருக்காது. பக்கத்தில் ரகு, முகம் கறுத்துப்போய். கதவுக்கு அருகில் மணியம். நாற்பது வயசு மதிக்கலாம், கழுத்தில் ஒரு துண்டு, கை முழுக்க எண்ணெய்க் கறை.

"நீங்கதான் கலாவா?" என்றார் இன்ஜினியர். "உங்க போன் வந்ததும் ஓடிப்போய் மீட்டரைப் பாத்தோம். முள்ளு சுழியில இருந்துச்சு. நீராவி ஒரு சொட்டு இல்ல. திறந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எதுக்கு என் ஆலையை நிறுத்தினீங்க?"

அவர் சொன்னது உண்மை. அந்தத் தடவை ஒன்றும் ஆகியிருக்காது.

ரகு என் பக்கம் வந்து, கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தான். சண்டை போடும் குரல் இல்லை, கெஞ்சும் குரல். "கலா, நீ போட்ட வேகம் சும்மா கற்பனை. இங்க அவ்வளவு மெதுவா பிரஷர் இறங்காது. நானே காலையிலேருந்து பாக்குறேன்."

அவனுக்குப் பதில் சொல்லாமல் இன்ஜினியரைப் பார்த்தேன். "சார், நீராவி வெளிய போற வால்வு எப்பவாச்சும் அடைச்சிருக்கா?"

அவர் என்னை ஏசத் தயாராக இருந்தவர், கேள்வியைக் கேட்டதும் நின்றார். நேர்மையான மனிதர். "அடைக்கும்" என்றார் மெதுவாக. "குலையிலேருந்து நார் போய் மாட்டிக்கும். அப்ப மெதுவாதான் இறங்கும்."

"அந்த நேரத்துல பச்சை விளக்கு என்ன செய்யும்னு பாக்கலாமா?"

"எப்படி?"

"வெறும் கலத்தை மூடி, கொஞ்சமா நீராவி விடுங்க. கதவைச் சங்கிலி போட்டுக் கட்டிடுங்க. ஆளுங்க எல்லாரையும் கீழ இறக்கிடுங்க. வெளிய போற குழாயைப் பாதி மூடுங்க. அப்புறம் ப்ரோகிராமை ஓட்டுங்க."

இன்ஜினியர் குவிந்து கிடந்த குலையைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, யாரையும் ஏவாமல் தானே போய்ச் சங்கிலியைக் கொண்டு வந்தார்.

கலத்தைக் காலி செய்து மூடினார்கள். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்கள். எல்லாரும் மேடைக்குக் கீழே இறங்கி, கதவுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றோம். இன்ஜினியர் மட்டும் மீட்டர் இருந்த முனையில். அங்கிருந்து கதவு தூரம். ரகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் விரல் விசையைத் தட்டியபோது அவன் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். என்னைக் கேட்டால், அந்த நிமிடத்தில் அவனுக்கு நான் தோற்க வேண்டும் என்றும், நான் சொன்னது சரியாக இருந்தால் இப்போதே தெரிந்துவிட வேண்டும் என்றும் இரண்டும் தோன்றியிருக்கும்.

நீராவி உள்ளே போகும் சீறல். பிறகு வெளியேறும் சீறல், வழக்கத்தை விட மெல்லியதாக. இன்ஜினியர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு. சிவப்பு.

டக் என்று ஒரு சத்தம். தாழ் விலகும் சத்தம், இரும்பில் இரும்பு பட்டது. விளக்கு பச்சையானது.

"முள்ளு எங்க?" என்று சார் கத்தினார்.

இன்ஜினியர் கையை உயர்த்தி, யாரும் கிட்ட வராதீர்கள் என்று காட்டினார். முள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கதவின் ஓரத்தில் சங்கிலி ஒரு முறை இழுபட்டு, முறுக்கேறி, விறைத்து நின்றது. விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு சீறி வந்து காற்றில் கலைந்தது. நாங்கள் அப்படியே நின்றோம். பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

முள் சுழிக்கு வந்த பிறகு இன்ஜினியர் இறங்கி வந்தார். நேராகக் கிராணி நின்ற இடத்துக்குப் போய் அவர் தோளில் கையை வைத்தார். கிராணி எல்லாரோடும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். காலையில் வாங்கிய ஏச்சுக்கு அதுதான் பதில். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ரகு கணினியை நிறுத்தி டிஸ்கை வெளியே எடுத்தான். "பழைய ப்ரோகிராமைப் போட்டுடுறேன் சார்" என்றான் இன்ஜினியரிடம். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காதபடி, "அந்தப் போலிக் கலத்தை இனிமே நான் எழுத மாட்டேன். நீ எழுது. நான் நெனைக்காததை எல்லாம் அதுல போடு" என்றான். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. நான் பார்த்த நிரலாளர்களில் அவனைப் போல ஒரு சிவப்பு வரியை மதித்தவன் வேறு யாரும் இல்லை.

சார் மறுபடி மேடையில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை நிறுத்தாத கேள்விக்குறி பற்றி நான் முன்பே எழுதிய அந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் கேள்விக்குறி போட்ட எதுவும் கதவைத் தாண்டவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் உங்களிடம் வீரக்கதை சொன்னதாகிவிடும். அடுத்து நடந்ததுதான் இத்தனை வருடம் என்னோடு வந்தது.

நாங்கள் கிளம்பத் தயாரானபோது மணியம் என்னிடம் வந்தார். துண்டால் கையைத் துடைத்தபடியே நின்றார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"தங்கச்சி, இந்த மாதிரி வேற ஏதாச்சும் உள்ள இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஜினியர், சார், ரகு. பழைய நிரல் எத்தனையோ தடவை ஓடித் தேறியது. இல்லை என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் நிம்மதி, மூச்சு விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். என் வாயில் அந்தச் சொல் வந்தும்விட்டது.

"நான் பாத்த வரைக்கும் இல்லண்ணே" என்றேன். "நான் பாக்காதது நெறைய இருக்கு."

சார் இருமினார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார். மணியம் மட்டும் தலையை ஆட்டினார், ஏதோ நியாயமான விலை சொன்ன மாதிரி.

"சரி. பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் மீட்டர் கிட்ட ஒரு ஆளு நிக்கட்டும். குரல் குடுத்தா நான் திறக்குறேன்."

இன்ஜினியர் மறுக்கவில்லை. மீட்டர் பார்க்கும் ஆளை அப்போதே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். வால்வு பாதி அடைத்தால், முழுக்க அடைத்தால், அவியல் நடுவில் மின்சாரம் போய் வந்தால், மீட்டர் கம்பி அறுந்து பொய்யாகச் சுழி காட்டினால். சில இடங்களில் பழைய நிரலே விழுந்தது. ரகு திருத்தினான், நான் மறுபடி ஓட்டினேன். எல்லாம் தேறிய பிறகு ஆலைக்குப் போனோம்.

மணியம் அதே இடத்தில் நின்றார். வந்த வேலையைச் சொல்வதற்கு முன்பே, "இப்ப சொல்லுங்க தங்கச்சி, பாக்காதது என்னென்ன?" என்று கேட்டார்.

மின்னல் கணினியையே தாக்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். விளக்கே பழுதாகி எரிந்தபடி நின்றுவிட்டால் அதை நிரலால் கண்டுபிடிக்க முடியாது என்றேன். இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு விசையைத் தட்டினால் என்ன ஆகும் என்று பாதிதான் பார்த்திருக்கிறோம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கேள்வி கேட்டார். விளக்கு பழுதானால் தனக்கு எப்படித் தெரியும் என்றார். அதற்கு ரகு, இன்ஜினியரிடம் பேசி, கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் வைக்க ஏற்பாடு செய்தான். அது வரும் வரை திருத்திய நிரலைப் போடவில்லை. மீட்டர் வந்தது. முதல் அவியல் முடிந்து, தாழ் விலகி, விளக்கு பச்சையானது.

மணியம் விளக்கைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்க்காதவை என்று அவரிடம் சொல்ல வேண்டியதில் எதையாவது விட்டுவிட்டேனா என்று யோசித்து, இல்லை என்று தலையசைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கதவில் கை வைத்தார்.